ரோட்ஸ்ரருக்குப் பின் எது?

1989இல் அறிமுகமான மஸ்டா எம்எக்ஸ்-5இன் முதல் தலைமுறையைச் சேர்ந்த, முகப்பு விளக்குகள் மேலெழும், கூரையை மடிக்கக்கூடிய என் பழைய ரோட்ஸ்ரர் காரின் அடிப்பாகத்தை உப்புக்காற்று தின்றுவிட்டதால், அதற்கு மாற்றாகப் பாவித்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ரொயோட்டா எம்ஆர்-எஸ்ஸில் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் இருப்பதால் அது வளைவுகளில் திரும்பும் விதம் அலாதியானது. ஆயினும் அதன் தொடக்ககால 1.8 லீற்றர் எஞ்சின்கள் ஒயில் குடிப்பதற்குப் பேர்போனவை, பொதி வைக்கவோ இடமில்லை. மஸ்டா ஆர்எக்ஸ்-8ஐ நான் தொடப்போவதில்லை. பிஸ்டனுக்குப் பதில் சுழலி கொண்ட அதன் சுழல் எஞ்சினின் அமுக்கத்தை முறையாக அளக்கத் தனிக் கருவி வேண்டும். அப்படி அளக்காமல் வாங்குவது வெறும் சூதாட்டம்.

எஞ்சியிருப்பது ரொயோட்டா 86. சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் 2 லீற்றர் பொக்ஸர் எஞ்சின், பின்சில்லு இயக்கம், பெயரளவில் இரண்டு பின்னிருக்கைகள் (அம்மா அவற்றைப் பார்த்துச் சிரித்தார்) என்று எல்லாம் பொருந்தினாலும், திறக்க முடியாத அந்தக் கூரைதான் உறுத்துகிறது, யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் மாலை வேளையில் கூரையை மடித்துவிட்டு ஓடிப் பழகியவனுக்கு அது சிறிய இழப்பல்ல.

எதுவானாலும், காரை உயர்த்தி அடியில் கறள் இருக்கிறதா என்று பார்க்காமல் முற்பணம் கொடுக்கமாட்டேன். மனுவல் கியர் உள்ள 86 விற்பனைக்கு இருப்பதை அறிந்தவர்கள் உள்பெட்டியில் தெரிவியுங்கள்.