இப்சனைத் தேர்வுக்குப் படித்தபோது கடன் பத்திரம் காட்டிய வழி

முதுகலை ஆங்கில இலக்கியத்தின் முதல் பருவத் தேர்வில் நார்வே நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சனைப் பற்றிய கட்டுரை வினாவுக்கு ஏழு பக்கம் எழுதியும் பாதி மதிப்பெண்கூட எனக்குக் கிடைக்கவில்லை. 'நவீன நாடகத்தின் தந்தை', 'பெண் விடுதலையின் குரல்' என்று கைடில் படித்ததையெல்லாம் வரிசைப்படுத்தியிருந்தேன். அவருடைய 'பொம்மை வீடு' நாடகத்தின் ஒரு காட்சியையேனும் தொட்டு எழுதவில்லை என்பது விடைத்தாளைத் திரும்பப் பார்த்தபோதுதான் உறைத்தது. இரண்டாம் ஆண்டின் நாடகத் தாளுக்கும், கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வுக்கும் படிக்கத் தொடங்கியபோது கைடை ஒதுக்கிவிட்டு நாடகத்தையே கையில் எடுத்தேன். இப்போது இதே பாடத்தைப் படிப்பவர்களுக்கு அந்த வழி உதவும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

நாடகத்தின் தொடக்கத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், கை நிறையப் பொட்டலங்களோடு நோரா வீட்டுக்குள் வருகிறாள். பின்னால் கிறிஸ்துமஸ் மரத்தைத் தூக்கி வந்த கூலியாள் நார்வே நாணயத்தில் ஐம்பது ஓரே கேட்கிறான். அவள் ஒரு குரோனை, அதாவது கேட்டதைப்போல் இருமடங்கைக் கொடுத்து, மீதியை வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். முதல் வாசிப்பில் இதை நான் கவனிக்கவே இல்லை. இரண்டாம் வாசிப்பில், பணம் பேசப்படும் இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே போனபோது, முதல் அங்கம் முழுவதுமே வட்டங்களால் நிறைந்துபோனது. புத்தாண்டிலிருந்து வங்கி மேலாளராகப் போகும் அவள் கணவன் ஹெல்மர் கடன் என்ற சொல்லையே வெறுக்கிறான். கணவனை இழந்த லிண்டே அம்மையார் வேலை தேடி வருகிறாள். குரோக்ஸ்டாட் தன் வங்கி வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் போராடுகிறான். நோயுற்ற கணவனை இத்தாலிக்கு அழைத்துச் செல்ல நோரா குரோக்ஸ்டாடிடம் ரகசியமாக வாங்கிய கடன்தான் இவர்கள் எல்லோரையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறது.

அந்தக் கடன் பத்திரம் தொடர்பான இரண்டு தேதிகளை நீங்கள் மறக்கக் கூடாது. ஜாமீன் கையெழுத்திட வேண்டிய நோராவின் தந்தை இறந்தது செப்டம்பர் 29. பத்திரத்தில் அவருடைய கையெழுத்துக்குக் கீழே இருப்பதோ அக்டோபர் 2. இறந்தவர் மூன்று நாள் கழித்து எப்படிக் கையெழுத்திட்டார் என்று குரோக்ஸ்டாட் கேட்கும் அந்த ஒரு கேள்வியிலேயே குடும்பத்தின் அடித்தளம் ஆட்டம் காண்கிறது. கணவனின் சம்மதமின்றி மனைவி கடன் வாங்க முடியாது என்பதை லிண்டே அம்மையார் முன்பே சொல்லிவிடுகிறாள் என்பதால், நோராவின் பொய் எங்கிருந்து பிறந்தது என்பதும் நமக்கு விளங்கிவிடுகிறது. யதார்த்தவாதம் என்றால் என்ன என்ற வினாவுக்கு இதைவிடச் சிறந்த விடையை நான் கண்டதில்லை. விதியோ அரக்க குணம் கொண்ட வில்லனோ இங்கே கதையை நகர்த்துவதில்லை. ஒரு பத்திரமும், ஹெல்மரிடம் மட்டுமே சாவி உள்ள ஒரு கடிதப் பெட்டியுமே நகர்த்துகின்றன. இரண்டாம் அங்கத்தின் அரங்கக் குறிப்பையும் விட்டுவிடாதீர்கள்: முதல் அங்கத்தில் அலங்கரிக்கப்பட்ட மரம், அணிகள் உரிக்கப்பட்டு, எரிந்து தீர்ந்த மெழுகுவத்திக் கட்டைகளோடு மூலையில் நிற்கிறது. நோராவின் மனநிலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவதைவிட இந்தக் குறிப்பைச் சுட்டி நான்கு வரி எழுதுவது மேல்.

இப்படிப் படித்த பிறகு வாழ்க்கை வரலாறு தானாக மனத்தில் நின்றது. 1828 மார்ச் 20 அன்று நார்வேயின் ஷீன் நகரில் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்த இப்சன், சிறு வயதிலேயே தந்தை நொடித்துப்போனதையும், குடும்பம் நகர வீட்டை விட்டு ஊருக்கு வெளியே பண்ணை வீட்டுக்குக் குடிபெயர்ந்ததையும் கண்டவர். பதினைந்து வயதில் கிரிம்ஸ்டாட் என்ற சிற்றூரின் மருந்துக் கடையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். கடனும் மானமும் அவருடைய நாடகங்களில் இத்தனை அழுத்தமாக வருவதற்கு இந்தச் சரிவையே முதன்மையான காரணமாக நான் கருதுகிறேன். பெர்கன், கிறிஸ்டியானியா (இன்றைய ஆஸ்லோ) நகரங்களின் நாடக அரங்குகளில் பணியாற்றிய ஆண்டுகளை மேலோட்டமாகத் தெரிந்துகொண்டால் போதும். 1864இல் நாட்டை விட்டுச் சென்றவர் இருபத்தேழு ஆண்டுகள் பெரும்பாலும் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் வாழ்ந்து, நார்வேயின் வரவேற்பறைகளைத் தொலைவிலிருந்தே எழுதினார் என்பதை மட்டும் நன்றாக நினைவில் வையுங்கள்.

நெட் தேர்வில் படைப்புகளைக் கால வரிசைப்படுத்தும் வினாக்கள் பலரைத் தடுமாற வைக்கின்றன. 'பிராண்ட்' 1866, 'பியர் கிண்ட்' 1867. இவ்விரண்டும் கவிதை நாடகங்கள் என்பதால் யதார்த்த நாடகங்களோடு சேர்த்துவிடாதீர்கள். 'சமுதாயத்தின் தூண்கள்' 1877, 'பொம்மை வீடு' 1879, 'பேய்கள்' 1881. அதன்பின் 1882இல் வந்த 'மக்களின் பகைவன்' தொடங்கி 1896 வரை சரியாக இரண்டு ஆண்டுக்கு ஒரு நாடகம். கடைசி நாடகம் மட்டும் 1899. எண்களைவிட உறுதியாக என் மனத்தில் நின்றது அவற்றுக்கிடையே ஓடும் உரையாடல்தான். நோரா கணவன் வீட்டை விட்டு வெளியேறினாள். வெளியேறிய பின் திருப்பி அனுப்பப்பட்டு, கணவனோடு வாழ்ந்து தீர்த்த ஆல்விங் அம்மையாரின் கதை 'பேய்கள்'. அந்த நாடகத்துக்கு எழுந்த வசைகளுக்குப் பிறகு, 'மக்களின் பகைவன்' நாடகத்தில், உண்மையைச் சொன்னதற்காக ஊரே பகைக்கும் மருத்துவர் ஸ்டாக்மனைப் படைத்தார். அடுத்து 1884இல் 'காட்டு வாத்து' நாடகத்தில், உண்மையைச் சொல்லியே தீருவேன் என்று வரும் ஒருவனால் ஒரு சிறுமி உயிரிழக்கிறாள். தான் சொன்னதைத் தானே மறுபடி விசாரிக்கும் இந்த நேர்மைக்காகவே இப்சன் மீது எனக்கு அளவற்ற மதிப்பு.

பெண்ணுரிமை பற்றிய வினாவுக்கு எச்சரிக்கையோடு விடை எழுத வேண்டும். 1898இல் நார்வேயின் பெண்ணுரிமைச் சங்கம் அளித்த விருந்தில், தாம் அந்த இயக்கத்துக்காகத் திட்டமிட்டு உழைத்தவரல்லர் என்றும், மனிதர்களைச் சித்திரிப்பதே தம் பணி என்றும் அவர் பேசினார். அதைக் காரணம் காட்டி நாடகத்தின் கூர்மையை மழுக்கிவிடவும் கூடாது. நோராவுக்கு மூலமாக இருந்த லாரா கீலர் என்ற எழுத்தாளரும் கணவனின் உடல்நலத்துக்காகவே ரகசியக் கடன் வாங்கியவர். ஆனால் உண்மை வெளிப்பட்டபோது கணவன் அவரை மனநலக் காப்பகத்துக்கு அனுப்பினார். ஜெர்மனியில் நோராவாக நடிக்க இருந்த நடிகை, பிள்ளைகளை விட்டுப் போகும் முடிவை ஏற்க மறுத்ததால், பிறர் கை வைப்பதைவிடத் தாமே மாற்றுவது மேல் என்று இப்சன் வேறொரு முடிவை எழுதிக் கொடுத்தார். அதை அவரே காட்டுமிராண்டித்தனம் என்று கண்டித்தார். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து எழுதினால், கதவை மூடிவிட்டு நோரா வெளியேறும் ஓசை அன்று எவ்வளவு பெரிதாகக் கேட்டிருக்கும் என்பதைத் திருத்துபவர் உணர்வார்.

தாக்கம் என்ற பகுதியில் வெறும் பெயர்ப் பட்டியல் வேண்டாம். பெர்னார்ட் ஷா 1891இல் இப்சனைப் பற்றித் தனி நூல் எழுதியதையும், ஜேம்ஸ் ஜாய்ஸ் 1900இல் பதினெட்டு வயதில் இப்சனின் கடைசி நாடகத்தைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டதையும் ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டு, சீனாவுக்கு வாருங்கள். 1923 டிசம்பரில் பெய்ஜிங்கின் பெண்கள் கல்லூரியொன்றில் சீன எழுத்தாளர் லூ சுன் ஆற்றிய உரை, வீட்டை விட்டுப் போன நோராவுக்குப் பிறகு என்ன நேரும் என்பதைப் பற்றியது. விழித்தெழுந்த மனத்தைத் தவிர அவள் கையில் வேறென்ன கொண்டு போனாள் என்று கேட்ட அவர், அவளுடைய பையில் பணம் இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். இரண்டாம் ஆண்டுத் தேர்வில், கூலியாளுக்கு நோரா கொடுத்த அந்த ஒரு குரோனில் தொடங்கிய என் விடையை லூ சுன்னின் இந்தக் கேள்வியோடு முடித்தேன்.