லூப்புக்குள் ஒரு நாற்காலி
நேற்று ராத்திரி கிட்டாருக்கு மைக் வைத்து லூப் பண்ணிக்கொண்டிருந்தேன், அதாவது வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் அடுக்கடுக்காக வாசிப்பது. முதல் அடுக்கு பளிச்சென்று இருந்தது. நாலாவதில் கிணற்றுக்குள்ளிருந்து வாசிப்பது மாதிரி ஆகிவிட்டது. ஸ்பீக்கரில் ஓடும் பழைய லூப்பும் மைக்கில் விழுகிறதே! ஒவ்வொரு ஓவர்டப்பிலும் (மேலடுக்குப் பதிவிலும்) அதுவும் சேர்ந்தே பதிகிறது.

சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்கைக் கழற்றிவிட்டு, முன்பக்கச் சத்தத்தையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு டைனமிக் மைக் போட்டேன். அதற்கு முதுகுப் பக்கம்தான் காது மந்தம், அதனால் மானிட்டர், அதாவது அந்த ஸ்பீக்கர், நேர் பின்னால். இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டு மைக்குக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. பின்பக்கமும் கொஞ்சம் கேட்கும், மானிட்டரைச் சற்றுப் பக்கவாட்டில் தள்ளவேண்டும்.

பிறகு மைக்கை நெருக்கினேன். தூரம் பாதியானால் கிட்டார் சத்தம் சுமார் 6 டெசிபல் கூடும், ஸ்பீக்கர் சத்தம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். ரொம்ப ஒட்டினால் பேஸ் உப்பிக்கொள்ளும். கிட்டாரின் துளைக்கு நேராக வைத்தால் ஒரே கும்மென்ற சத்தம். கழுத்திலுள்ள 12வது ஃப்ரெட் (உலோகக் கட்டை) பக்கம் திருப்பிய பிறகுதான் கம்பி பேசியது.

ஹெட்ஃபோன் மாட்டினால் இவ்வளவு பாடே இல்லை, தெரியும். ஆனால் கேட்க வந்தவர்களுக்கும் மாட்டிவிட முடியுமா?

இன்னொன்று, வாசித்து முடித்ததும் மைக்கை மியூட் பண்ணணும். மறந்துவிட்டேன். நாற்காலி போட்ட கிரீச் நாலு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஒருமுறை வந்துகொண்டே இருந்தது. தாளத்தில்தான் விழுந்தது, அழிக்கவில்லை.