சூடானால் மட்டும் அணையும் வண்டி: பிக்கப் காயிலைப் பிடித்த விதம்

என் பிஎஸ்6 இருசக்கர வண்டி வெயில் நேரத்தில் அரைமணி ஓடினால் போதும், சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். நிழலில் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் ஒரே செல்ஃபில் கிளம்பும். காலையில் எடுத்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அணைகிற விதத்திலேயே முதல் துப்பு இருந்தது. பெட்ரோல் கிடைக்காமல் நிற்கும் வண்டி முதலில் இழுவை குறைந்து, இரண்டு மூன்று முறை திக்கிவிட்டுத்தான் நிற்கும். இது 60-ல் போய்க்கொண்டிருக்கும்போதே சாவியைத் திருப்பியது போல ஒரே வெட்டாக அணைகிறது.

பட்டறையில் பிளக் மாற்றினார்கள், த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தார்கள். கோளாறு அப்படியே இருந்தது. அடுத்து, "பம்ப்தான் தம்பி போயிருக்கு, மாத்திடலாம்" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அணைந்து நிற்கும்போது சாவி போட்டால் பம்ப் வழக்கம்போல இரண்டு மூன்று வினாடி ஓடித்தான் நிற்கிறது. பிளக்கைக் கழற்றி இஞ்சினின் உலோக உடம்பில் வைத்துச் செல்ஃப் போட்டுப் பார்த்தேன், பொறி இல்லை. அதோடு பிளக் நுனி காய்ந்து கிடந்தது, பெட்ரோல் வாசனையே இல்லை. பம்ப் போனால் பெட்ரோல் நிற்கும், பொறி நிற்காது. இக்னிஷன் காயில் போனால் பொறி நிற்கும், பிளக் நனைந்திருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நின்றால், இரண்டுக்கும் உத்தரவு போடும் இடத்தில் தேட வேண்டும்.

அந்த உத்தரவுக்கு ஆதாரம் கிராங்க் பொசிஷன் சென்சார். நம் ஊர் மெக்கானிக்குகள் வாயில் பிக்கப் காயில். மேக்னெட் சக்கரத்தின் வெளி விளிம்பில் பற்கள் இருக்கும்; ஓரிடத்தில் பல் விடுபட்டிருக்கும். ஒவ்வொரு பல்லும் காயிலைக் கடக்கும்போது ஒரு சின்ன மின்துடிப்பு எழும்பும். விடுபட்ட இடத்தை அடையாளமாக வைத்துத்தான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று ஈசியு, அதாவது இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, கணக்குப் போடுகிறது. துடிப்பு வரவில்லை என்றால் இஞ்சின் சுற்றவே இல்லை என்று அது முடிவு செய்து, பொறியையும் பெட்ரோலையும் சேர்த்து நிறுத்திவிடும். ஸ்கேனரில் பிழைக் குறியீடு எதுவும் பதிவாகாததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கிராங்க் சென்சார் கோளாறைக் காட்டும் பி0335 வரும் என்று ஆவலோடு சிவப்பு ஆறு பின் கனெக்டரில் புளூடூத் ஸ்கேனரை மாட்டினேன், ஒன்றுமில்லை. நின்றுபோன இஞ்சினும் துடிப்பு வராத காயிலும் ஈசியுவுக்கு ஒன்றுபோலத் தெரிய வாய்ப்புண்டு. ஆனால் ஸ்கேனர் அந்தந்த நொடியில் காட்டும் லைவ் டேட்டா உதவியது: வண்டி அணைந்திருந்த வேளையில் செல்ஃப் போட்டேன், இஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, திரையில் ஆர்பிஎம் பூஜ்யம்.

வீட்டில் ஆறிய நிலையில் கனெக்டரைக் கழற்றிக் காயிலின் மின்தடையை அளந்தபோது 212 ஓம். சர்வீஸ் மேனுவல் சொல்லும் வரம்புக்குள்தான் இருந்தது. உடம்போடு ஷார்ட்டும் இல்லை. பெரும்பாலும் இந்த இடத்தில்தான் "காயில் நல்லா இருக்கு" என்று முடித்துவிடுகிறார்கள். சூட்டில் வரும் கோளாறை ஆறிய பிறகு அளந்தால் என்ன தெரியும்? மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு, மதிய வெயிலில் திருச்சியிலிருந்து புதுக்கோட்டை சாலையில் கிளம்பினேன். அளப்பதற்கு முன்பே ஒரு கணக்கு போட்டு வைத்திருந்தேன். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். 30 டிகிரியில் 212 என்றால், 100 டிகிரியில் 270-ஐ ஒட்டி வரலாம். அந்த அளவுக்கு ஏறினால் அது கோளாறு அல்ல, இயல்பு.

கீரனூருக்கு முன்பே வண்டி நின்றது. ஓரங்கட்டி, உடனே கனெக்டரைப் பிரித்துச் சென்சார் பக்கத்து இரண்டு கம்பிகளில் மீட்டர் முனைகளை வைத்தேன். திரையில் ஓஎல். இணைப்பே இல்லை. வயரை ஆட்டினேன், வளைத்தேன், இழுத்தேன், மாற்றமில்லை. கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று 900 சொச்சம் என்று ஒரு எண் மின்னி மறைந்தது, மறுபடி ஓஎல், பிறகு 251-ல் வந்து நிலைத்தது. இஞ்சின் ஆற ஆற அது 240-க்குக் கீழே இறங்கியது. கனெக்டரை மாட்டிச் செல்ஃப் போட்டேன், பட்டென்று ஸ்டார்ட்! அந்த நிமிடம் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை எழுதி விளக்க முடியாது.

உள்ளே நடப்பது இதுதான்: தலைமுடி போன்ற செம்புக் கம்பி எபாக்ஸிக்குள் சுற்றப்பட்டிருக்கிறது. எங்கோ ஓரிடத்தில் அறுந்த கம்பி, குளிர்ந்திருக்கும்போது முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும். சூடேறி விரிந்தால் விலகிவிடும். (உங்கள் வண்டி சென்சாரில் மூன்று கம்பி இருந்தால் அது பெரும்பாலும் ஹால் வகை. அதை ஓம் வைத்து அளக்கக் கூடாது. சப்ளை வோல்ட்டேஜையும் சிக்னலையும்தான் பார்க்க வேண்டும்.)

மாற்றும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. ஆயிலை வடித்துவிட்டு இடது பக்க மேக்னெட் கவரைக் கழற்றினேன். காந்தம் கவரைப் பலமாக இழுக்கும். விரல்களை ஓரத்தில் வைக்காதீர்கள், நசுங்கும். கழற்றிய காயிலுக்கு ஹேர் டிரையர் காட்டி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பார்த்துக்கொண்டே வந்தேன். 85 டிகிரியை ஒட்டி மறுபடியும் ஓஎல். ஆறவிட்டுத் திரும்பச் சூடாக்கினாலும் அதே இடம். கம்பெனி பாகமாக ஸ்டேட்டரோடு (மின்சாரம் தயாரிக்கும் காயில் தொகுதி) சேர்த்துத்தான் கிடைத்தது. முழு செட்டாக வாங்கினேன். கவருக்கு அடியில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்ததுதான் எல்லாவற்றையும் விட நேரம் பிடித்த வேலை. கம்பிகள் இடம் மாறினால் டைமிங் கெடும் என்பதால் கனெக்டரின் நிறங்களை முன்பே படம் எடுத்து வைத்திருந்தேன்.

அதன் பிறகு அதே சாலையில், அதே உச்சி வெயிலில் புதுக்கோட்டை வரை போய் நிற்காமல் திரும்பினேன். கவரின் கீழ் ஓரத்தில் மட்டும் லேசாக எண்ணெய் ஈரம் தெரிகிறது. போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) வைத்து ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அப்போதும் கசிவு நிற்கவில்லை என்றால் கேஸ்கெட்டை மாற்றிவிடுவேன்.