ரீச்சர் தந்த நார்னியா

1994இல், போர்க்கால யாழ்ப்பாணத்தில், எங்கள் பாடசாலையின் எட்டாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு எங்கள் நூலகம் நினைவிருக்கும். ஆசிரியர் அறையின் மூலையில் நின்ற இரண்டு மர அலுமாரிகள்தான் நூலகம். நூலகக் கட்டடத்தின் கூரை போன பிறகு, காப்பாற்ற முடிந்த புத்தகங்களை அங்கே கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். கதவைத் திறந்தால் நப்தலின் உருண்டை மணக்கும். ஆங்கில ரீச்சர் ஒரு நாள் அதற்குள் கையை விட்டு, அட்டை கிழிந்த சிறிய புத்தகமொன்றை எடுத்துத் தந்தார். “விளங்காத சொல்லுக்குப் புத்தகத்தில் கோடு போடாதே, கொப்பியில் எழுதிக்கொண்டு வா” என்றார்.

சி. எஸ். லூயிஸ் எழுதி 1950இல் வெளிவந்த முதல் நார்னியாக் கதை அது. சிங்கமும் சூனியக்காரியும் உடுப்பு அலுமாரியும் வரும் கதை. அந்த அலுமாரிக்குள் நுழைந்தால் நார்னியா என்ற மாய உலகம். லூசி என்ற சிறுமி அலுமாரியைத் திறக்கும்போது இரண்டு நப்தலின் உருண்டைகள் கீழே விழும். அந்த இடத்தில்தான் நான் கதைக்குள் போனேன். எங்கள் அலுமாரியின் மணம் எங்கோ இங்கிலாந்தில் ஒரு வீட்டிலும் இருந்திருக்கிறது!

அந்த நாவலில் உலகப் போருக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இடம். விமானத் தாக்குதல்கள் காரணமாக லூசியும் அவள் உடன்பிறந்த மூவரும் இலண்டனிலிருந்து ஒரு வயோதிபப் பேராசிரியரின் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், அவ்வளவே. உடனே ஆசிரியர் வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்: ரயில் நிலையத்திலிருந்து பத்து மைல், தபாலகத்திலிருந்து இரண்டு மைல். எங்களுக்கு அந்த ஒரு வாக்கியம் தாராளமாகப் போதும். பொம்மர் விமானங்களின் இரைச்சல் கேட்டதும் பாடசாலை வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் பாய்ந்த பிள்ளைகளுக்கு வேறென்ன விளக்கம் வேண்டும்? 1990இலிருந்து மின்சாரம் இல்லாத ஊரில், ஜாம் போத்தல் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, பனி மூடிய காட்டில் தன்னந்தனியே எரியும் தெருவிளக்கைப் பற்றி வாசித்தேன்.

சூனியக்காரி லூசியின் அண்ணன் எட்மண்டுக்குக் கொடுக்கும் ‘டேர்க்கிஷ் டிலைட்’ என்னவென்று எனக்கு விளங்கவில்லை. கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன். “மஸ்கற் மாதிரி ஓர் இனிப்பு” என்றார் ரீச்சர். அதன் பிறகு, அந்த இனிப்புக்காக உடன்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுத்த எட்மண்டின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்த காலம் அது. ஒரு பெட்டி மஸ்கற்றை மடியில் வைத்தால் யார்தான் தடுமாற மாட்டார்கள்? இந்தப் புத்தகம் வெளிவந்தபோது பிரித்தானியாவிலும் இனிப்புப் பண்டங்களுக்குப் பங்கீடு இருந்தது, 1953இல்தான் அது நீங்கியது என்பதைப் பின்னாளில் அறிந்தேன்.

2005 டிசெம்பரில் அன்ட்ரூ அடம்சன் இயக்கிய படம் புதிதாகத் திரைக்கு வந்தபோது நான் இலண்டனில் இருந்தேன். அக்காவின் மகளுக்கு எட்டு வயது. அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

படம் அலுமாரியில் தொடங்கவில்லை. இலண்டன் வானத்தில் ஜேர்மன் விமானங்கள் வருகின்றன. தாய் பிள்ளைகளைத் தோட்டத்துப் பங்கருக்கு விரட்டுகிறாள். எட்மண்ட் தகப்பனின் படத்தை எடுக்கத் திரும்பி ஓடுகிறான், அண்ணன் பீற்றர் அவன் பின்னால் ஓடுகிறான். அடுத்து ரயில் நிலையம். பிள்ளைகளின் சட்டையில் பெயர் அட்டைகள். இவற்றில் எதுவும் நாவலில் கிடையாது. ஆனால் இது வரலாறு. 1939 செப்டெம்பரின் முதல் சில நாள்களிலேயே ஏறத்தாழ 15 இலட்சம் பேர், பெரும்பாலும் பிள்ளைகளும் தாய்மாரும், பிரித்தானிய நகரங்களிலிருந்து இடம்பெயர்க்கப்பட்டார்கள். ஒக்ஸ்போர்டில் லூயிஸின் சொந்த வீட்டிலேயே அப்படி வந்த பிள்ளைகள் தங்கினார்கள். லூயிஸ் ஒரு வரியில் விட்டதை அடம்சன் விரித்துக் காட்டியது சரி என்றே நினைக்கிறேன். 1950இல் வாசித்த பிள்ளைக்கு அந்த வரி தன் வீட்டுக் கதை. என் மருமகளுக்கு அப்படியல்ல.

பல மாற்றங்கள் சிறியவை. நால்வரும் ஒன்றாக அலுமாரிக்குள் ஒளிவது, நாவலில் வீடு பார்க்க வந்தவர்களுக்குப் பயந்து. படத்தில் கிரிக்கெட் பந்தால் கண்ணாடியை உடைத்துவிட்டு. உருகும் ஆற்றில் நடக்கும் துரத்தல் நாவலில் இல்லை, இல்லாவிட்டால் எனக்குக் குறையுமில்லை. பெண்கள் போரிட்டால் போர் அசிங்கமாகிவிடும் என்று நாவலில் நத்தார் தாத்தா சொல்வார். போரே அசிங்கமானது என்று படம் திருத்தியிருக்கிறது. நல்ல திருத்தம்.

நார்னியாவில் பிள்ளைகளுக்கு இடம் தரும், பேசும் பீவர்த் தம்பதியரின் வீட்டுச் சாப்பாட்டில் படம் தங்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய மனத்தாங்கல். நாவலில் பீவரார் பனிக்கட்டியில் இட்ட துளையருகே அமர்ந்து மீன் பிடிப்பார். பிடித்த கையோடு பொரிப்பார்கள். மேசை நடுவே வெண்ணெய்க் கட்டி, அவித்த உருளைக்கிழங்கு, பிறகு சுடச்சுட இனிப்பு, தேநீர். வீட்டை விட்டு வந்த பிள்ளைகளை அந்நிய வீடொன்று உட்காரவைத்துச் சோறு போடுகிறது. அந்தப் பக்கங்களின் அருமையை நான் முழுதாக உணர்ந்தது 1995 ஒக்டோபர் 30க்குப் பிறகு. இராணுவம் முன்னேறியதால் வலிகாமப் பகுதியே மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த இரவின் மறுநாள், பாலத்துக்கு அப்பால் தென்மராட்சியில் முன்பின் அறியாத ஓர் அம்மா எங்களை விறாந்தையில் இருத்திச் சோறும் பருப்பும் போட்டார்.

கடைசிச் சண்டையைப் படம் நீளமாகவும் பிரமாண்டமாகவும் காட்டுகிறது. லூயிஸ் முதலாம் உலகப் போரில் பிரான்சில் போராடி, 1918இல் காயப்பட்டவர். அவர் சண்டையைச் சில பத்திகளில் முடித்துவிடுகிறார். லூசி வந்து சேரும்போது அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. எட்மண்ட் சூனியக்காரியின் மந்திரக்கோலை முறித்ததைக்கூடப் பீற்றர் பிறகுதான் சொல்கிறான். பீற்றர் முகம் வெளிறி, வயது ஏறியவன்போலத் தெரிகிறான். சண்டை பிள்ளைகளுக்குச் செய்வது அதுதான். படத்தில் கழுகுத் தலைப் பறவைகள் வானத்திலிருந்து பாறைகளைப் போட்டன. அரங்கிலிருந்த சிறுவர்கள் ஆரவாரித்தார்கள். என் தலை தானாகக் குனிந்தது. நல்லவர்கள் பக்கத்திலிருந்து விழுந்தாலும் அதை என்னால் பார்க்க முடியவில்லை.

வெளியே வந்ததும் மருமகள் கேட்டாள்: “மாமா, உங்களுக்கும் அம்மாவுக்கும் பெயர் அட்டை கட்டினார்களா?”

இல்லை. சனநெரிசலில் பிரிந்துவிடாதபடி என் சட்டை நுனியை அக்கா தன் பாவாடை நாடாவோடு முடிந்து வைத்திருந்தாள். விடிந்தபோது முடிச்சு நனைந்து இறுகி, அவிழ்க்க முடியாமல் அம்மா பல்லால் கடித்து அவிழ்த்தார். அதைச் சொன்னேன்.

நாங்கள் இடம்பெயர்ந்து நடந்த அந்த இரவு என் பையில் ரீச்சர் தந்த புத்தகமும் இருந்தது. வன்னி, கொழும்பு என்று என்னோடு வந்து இப்போது இலண்டனில் இருக்கிறது. மழையில் ஊறிப் பக்கங்கள் பருத்துவிட்டன. உள்ளட்டையில், திருப்பித் தர வேண்டிய நாள் 20.10.1995 என்று ரீச்சரின் கையெழுத்து. அடுத்த ஆடியில் ஊருக்குப் போகிறேன். ரீச்சர் இப்போது எங்கே இருக்கிறார் என்று அறிந்தவர்கள், எங்கள் பழைய மாணவர் சங்கச் செயலாளர் மூலம் எனக்குத் தெரிவியுங்கள்.