பெரியப்பாவுக்கு ஏலாதாம்

போன மாசியில் இலங்கையின் வடக்கே விசுவமடுவில் மச்சாள் வீட்டுக் குடிபூரல் (புதுவீடு குடிபுகும் விழா). முரசுமோட்டையில் இருக்கும் பெரியப்பாவுக்கு முதல்நாள் போன் எடுத்து, "விடிய வெள்ளன வருவியளோ?" என்று கேட்டேன். "எனக்கு ஏலாது மோனை" என்றார். பின்னால் உழவு இயந்திரம் இரைகிற சத்தம். நான் மாமியிடம் போய், "பெரியப்பாவுக்கு ஏலாதாம்" என்றேன். நான் செய்த குற்றம் இவ்வளவுதான்.

இயலும், இயலாது என்பதைத்தான் நாங்கள் ஏலும், ஏலாது என்கிறோம். காசு தர ஏலாது, பாரம் தூக்க ஏலாது என்று முன்னால் ஒரு வினை நின்றால் பிரச்சினை இல்லை. அதை விழுங்கிவிட்டு "எனக்கு ஏலாது" என்று மட்டும் சொன்னால், சொல் உடம்பில் போய் ஏறிவிடும்: சுகமில்லை, எழும்பி நடக்கப் பெலனில்லை. (சென்னையில் இருக்கும் நண்பன் "அப்பாவுக்கு முடியலைடா" என்பான். அங்கேயும் இதே கூத்துத்தான்.) பெரியப்பா விழுங்கியது "வர" என்ற இரண்டெழுத்து.

தாய்மாமன் குடிபூரலுக்கு வரவில்லையென்றால் நோய் வருத்தம் கடுமையாகத்தான் இருக்கும் என்று மாமி முடிவு கட்டினார். மறுநாள் பால் பொங்குவதற்குள் அது "ஏலாமல் கிடக்கிறாராம்" ஆனது. பந்தியில் பாயாசம் வரும்போது, "ஆசுபத்திரியில துண்டு வெட்டி வீட்டை விட்டிட்டினமாம்." (துண்டு வெட்டுவது என்றால் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவது.)

பின்னேரம் ஒரு வான் நிறையச் சனம், மடியில் தோடம்பழமும் ஹோர்லிக்ஸ் போத்தலும். முரசுமோட்டையில் வீதியோரம் பெரும்போக நெல் காய்ந்துகொண்டிருந்தது. வான் நிற்கமுன்னமே மாமி "ஐயோ அண்ணை!" என்று குரலெடுத்தார். தலையில் நெல் மூட்டையோடு வந்த ஒருவர் நின்று, "ஆர் செத்தது?" என்றார்.

பெரியப்பாவேதான்.

"நெல்லை விட்டிட்டு வந்தா மாடு திண்டிடும். அதுதான் ஏலாது எண்டனான்."

மாமிக்கு அழுகை நின்று கோபம் வந்தது. மருமகளின் குடிபூரலைவிட நெல் பெரிதாம். பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "ஒரு கதையை ஒழுங்காச் சொல்லத் தெரியாத ஏலாவாளி!" உடம்பில் பெலனிருந்தும் ஒன்றுக்கும் உதவாதவனுக்கும் இதே சொல்லிலிருந்துதான் பட்டம் பிறக்கிறது, பாருங்கள்.

வந்தவர்களை அவர் சும்மா விடவில்லை. பட்டுச் சேலையும் வேட்டியுமாக இருட்டுமட்டும் நெல் அள்ளிச் சாக்கில் போட்டோம். மாமி மட்டும் "எனக்கு ஏலாது" என்று வானுக்குள்ளேயே இருந்துவிட்டார். எந்த ஏலாது என்று ஒருவரும் கேட்கவில்லை.