காம்பெக்ஸ் தேர்வு: முதலில் பெயர்ப்பலகையைப் படியுங்கள்

வளைகுடா நாடுகளின் எண்ணெய், எரிவாயு நிலையங்களில் எலக்ட்ரீஷியன் வேலைக்கு விண்ணப்பிக்கும் நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் சான்றிதழ், வெடிக்கும் வாயு இருக்கக்கூடிய இடங்களில் மின்கருவிகளைக் கையாளும் திறனுக்காகப் பிரிட்டனில் உருவான காம்பெக்ஸ். அதில் எக்ஸ்01, எக்ஸ்02 ஆகியவை ஃபிளேம்ப்ரூஃப் (உள்ளே நடக்கும் வெடிப்பை வெளியே பரவவிடாத) முதலிய கருவிகளைப் பொருத்துவதையும் பரிசோதிப்பதையும் பற்றியவை. எக்ஸ்03, எக்ஸ்04 ஆகியவை இன்ட்ரின்சிக்லி சேஃப் (வாயுவைப் பற்றவைக்கும் அளவு ஆற்றலே இல்லாத) சுற்றுகளுக்கானவை. எழுத்துத் தேர்வோடு செய்முறையும் உண்டு. பதினோரு ஆண்டு அனுபவத்தோடு போன நான் முதல் முறை தவறியது செய்முறையில்தான்.

பரிசோதிக்கக் கொடுத்த விளக்கில் ஒரு போல்ட் இல்லை. பயன்படாத கேபிள் துளையில், சான்று பெற்ற அடைப்பான் இருக்க வேண்டிய இடத்தில், பெட்டியோடு வந்த சிவப்புப் பிளாஸ்டிக் மூடியே இருந்தது. இரண்டையும் மகிழ்ச்சியாக எழுதிக்கொடுத்துவிட்டேன். பெயர்ப்பலகையில் வெப்பநிலை வகுப்பு டி3 என்றிருந்ததையும், கொடுத்த தாள் அந்த இடத்துக்கு டி4 கேட்டிருந்ததையும் நான் ஒப்பிட்டே பார்க்கவில்லை. டி3 கருவியின் மேற்பரப்பு 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாகலாம். டி4-க்கு வரம்பு 135 டிகிரி. உடைசலைத் தேடும் கண்ணுக்கு, புத்தம் புதிதாகப் பளபளக்கும் தவறான கருவி தட்டுப்படாது.

படிக்கும்போது பலர் தடுமாறுவதும் இங்கேதான். வாயுவின் வெடிப்பு எவ்வளவு எளிதாகப் பற்றிப் பரவும் என்று சொல்லும் வாயுத் தொகுதி வேறு, கருவியின் மேற்பரப்பு எவ்வளவு சூடாகலாம் என்று சொல்லும் வெப்பநிலை வகுப்பு வேறு. ஹைட்ரஜன் மிகக் கடுமையான ஐஐசி தொகுதியில் இருந்தாலும், அது தானாகத் தீப்பற்றும் வெப்பநிலை 500 டிகிரியைத் தாண்டுவதால் டி1 கருவியே போதும். ஈதர் அதைவிட மென்மையான ஐஐபி தொகுதிதான். ஆனால் 200 டிகிரிக்குக் கீழேயே பற்றிக்கொள்வதால் அதற்கு டி4 வேண்டும். இந்த இரண்டு வாயுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் அட்டவணை எனக்கு மனத்தில் நின்றது.

ஃபிளேம்ப்ரூஃப் பெட்டிக்குள் வாயு புகாது என்று நினைத்துக்கொண்டு தேர்வுக்குப் போகாதீர்கள். புகும், உள்ளே வெடிக்கவும் செய்யும். அந்த வெடிப்பைப் பெட்டி தாங்கிக்கொள்ள, வெளியேறும் சூடான வாயு ஃபிளாஞ்சின் (மூடியும் பெட்டியும் சேரும் விளிம்பின்) குறுகிய இடைவெளியில் குளிர்ந்துவிடுகிறது. அதனால்தான் அந்த முகத்தில் ஒரு கீறலும் குறையாகிறது. அதனால்தான் ஃபிளாஞ்சுக்கு எதிரே சுவரோ குழாயோ நெருங்கி இருக்கக் கூடாது. அப்படி விட வேண்டிய குறைந்தபட்சத் தூரம் ஐஐஏ தொகுதிக்கு 10, ஐஐபி-க்கு 30, ஐஐசி-க்கு 40 மில்லிமீட்டர். காரணம் புரிந்தால் எண்கள் தாமாக நிற்கும்.

பார்வை, நெருங்கிய, விரிவான என்ற மூவகைப் பரிசோதனைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். போல்ட் இல்லாதது வெறும் பார்வையிலேயே தெரியும். போல்ட் தளர்ந்திருப்பது ஸ்பானர் வைத்தால்தான் தெரியும், ஆகவே அது நெருங்கிய பரிசோதனை. பெட்டியைத் திறந்தால் விரிவான பரிசோதனை. அதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டி, டெஸ்டர் வேலை செய்கிறதா என்று மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த இணைப்பில் சோதித்து, சுற்றைச் சோதித்து, பிறகு டெஸ்டரை மறுபடியும் சோதிக்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையைத்தான் வேலைத்தளத்தில் நாம் வழக்கமாக விட்டுவிடுகிறோம்; தேர்வாளர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டாம் முறை எனக்கு வந்த சந்திப்புப் பெட்டியின் பெயர்ப்பலகை மீது பெயின்ட் அடித்திருந்தது. படிக்க முடியாத பலகையும் ஒரு குறையே என்பதால், அதையே முதல் வரியாக எழுதினேன்.