பிஸ்கட் டப்பாவில் அறுபது சீட்டு

நாங்கள் சேர்ந்து வாரம் ஒரு பொருளை வரைய ஆரம்பித்து இது பதினோராவது வாரம். நோட்டைப் புரட்டினால் முதல் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று கை பரபரக்கிறது. கிழிக்கக் கூடாது என்பது எங்கள் விதிகளில் ஒன்று. அதனால் எவர்சில்வர் டம்ளர் என்று நம்பி நான் வரைந்த அந்த ஏதோ ஒன்று அங்கேயே இருக்கிறது.

நாங்கள் ஐந்து பேர். உறையூரில் டீச்சரக்கா வீட்டு மொட்டைமாடி, ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி. டீச்சரக்கா பள்ளியில் எடுப்பது கணக்கு, ஓவியம் இல்லை. தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற ஒருவரைப் போஸ்ட்மாஸ்டர் சார் என்போம். போஸ்ட்மாஸ்டராக அவர் ஒருநாளும் இருந்ததில்லையாம், மறுத்து மறுத்து ஓய்ந்துவிட்டார். மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பி, கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் பெண், அப்புறம் ஆடிட்டர் ஆபீஸில் நாள் முழுக்க எண்களோடு மல்லுக்கட்டும் நான். முறையாக ஓவியம் படித்தவர் யாரும் இல்லை.

தனியாக வரைந்தபோதெல்லாம் என் பிரச்சினை, என்ன வரைவது என்பதுதான். இங்க்டோபர்கூட முயன்று பார்த்தேன். ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர் 2009இல் தொடங்கியது. அக்டோபர் மாதம் முழுக்க நாளுக்கு ஒரு சொல், 31 சொற்கள், மையில் வரைய வேண்டும். ஆறாம் நாள் நின்றுவிட்டேன். அந்தச் சொற்களில் பாதி கற்பனையைக் கேட்பவை. டிராகனுக்கு நான் எங்கே போவது? எனக்குக் கண்ணெதிரே ஒரு பொருள் இருக்க வேண்டும்.

அதனால் வீட்டில் இருக்கும் பொருள்களாக அறுபது பெயர்களைச் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டோம். குடவோலை முறை மாதிரி, கூட்டத்தில் இளையவர் கையை விட்டு எடுப்பார். எடுத்த சீட்டை மாற்றக் கூடாது. இருபது நிமிடம். ரப்பர் கிடையாது. போனில் படம் பார்த்து வரையக் கூடாது, பொருள் எதிரே இருக்க வேண்டும். முடிந்ததும் ஐந்து நோட்டையும் தரையில் வரிசையாக வைத்துவிட்டு டீ.

முதல் சீட்டு டம்ளர். சுலபம் என்று நினைத்தேன். தரையில் டம்ளரை வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். இருபது நிமிடம் கழித்து என் நோட்டைப் பார்த்த போஸ்ட்மாஸ்டர் சார், "வாயை எலுமிச்சம்பழம் மாதிரி போட்டிருக்கீங்களே" என்றார். உண்மைதான். இரண்டு ஓரமும் கூராக முடிந்திருந்தது. அடிப்பக்கம் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்கோடு. தரையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறதே, தட்டையான பொருளுக்கு நேர்கோடுதானே என்று கை தானாகப் போட்டுவிட்டது.

அவர் ஒன்றும் விளக்கவில்லை. டம்ளரை எடுத்து என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். வாய் ஒரு கோடாகச் சுருங்கியது. மெல்லக் கீழே இறக்கினார். கோடு திறந்து மெல்லிய நீள்வட்டமானது, இன்னும் இறக்க இறக்க அகலமாகிக்கொண்டே போனது. கண்மட்டத்துக்கு எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு வட்டமாகத் தெரிகிறது. அப்படியென்றால், ஒரே டம்ளரில் வாயைவிட அடிப்பாகம்தான் கண்ணிலிருந்து இன்னும் கீழே இருக்கிறது, அங்கே வளைவு கூடுதலாக இருக்க வேண்டும். நான் வாயை உருண்டையாகவும் அடியை நேராகவும் போட்டிருந்தேன். சரியாகத் தலைகீழ். நாற்பத்து மூன்று வருடமாக தினம் இரண்டு வேளை கையில் பிடிக்கிற பாத்திரம்!

அந்த வாரம் முழுக்க ஆபீஸில் பழைய பில் தாள்களின் பின்பக்கத்தில் நீள்வட்டம் போட்டேன், நாளுக்கு நாற்பது. மணிக்கட்டை மட்டும் அசைத்தால் ஓரத்தில் மறுபடி எலுமிச்சம்பழம் வருகிறது. மேசையில் கையை ஊன்றாமல் தோளிலிருந்து அசைத்து, காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அப்படியே தாளில் இறக்கினால் ஓரங்கள் உருள்கின்றன. பக்கத்து மேசைக்காரர் என்னவோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் வாரம் பூட்டு, மூன்றாம் வாரம் தீப்பெட்டி. இரண்டையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தீப்பெட்டியின் பக்கக்கோடுகள் தூரம் போகப் போக நெருங்க வேண்டும், என்னுடையது விரிந்துகொண்டே போய் ஷூ டப்பாவாகிவிட்டது. கல்லூரிப் பெண் அழகாக வரைந்திருந்தாள். எங்களில் இயல்பாகவே கை வரும் ஒரே ஆள் அவள்தான், கொஞ்சம் பொறாமைதான்.

நான்காம் வாரம்தான் வேடிக்கை. சீட்டில் "விளக்கு" என்று இருந்தது. எந்த விளக்கு என்று எழுதியவர் சொல்லவில்லை, சீட்டில் பெயரும் போடுவதில்லை. சரி, வீட்டுக்குள் இருக்கும் எதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. டீச்சரக்கா பரணிலிருந்து அரிக்கேன் விளக்கை இறக்கித் துடைத்தார். பெண் படுக்கையறையின் ஜீரோ வாட் பல்பை அண்ணாந்து பார்த்து வரைந்தாள். போஸ்ட்மாஸ்டர் சார் காமாட்சி விளக்கு. மருந்துக்கடைத் தம்பி தன் பைக்கின் ஹெட்லைட்டை வரையப் போகிறேன் என்று கீழே இறங்கிவிட்டான். அது விளக்கா இல்லையா என்று டீ வரும்வரை வாக்குவாதம்.

நான் குத்துவிளக்கு. பூஜையறையிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டாமே என்று தள்ளி உட்கார்ந்து, பாதி இருட்டில், பார்த்தும் பார்க்காமலும் வரைந்தேன். தெரியாத பொருளா என்ன? நன்றாக வந்ததாகவே நினைத்தேன். டீச்சரக்கா நோட்டையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தண்டுல எத்தனை வளையம் போட்டிருக்கீங்க?" என்றார். ஏழு. உள்ளே போய் எண்ணினேன், நான்கு. உச்சியில் அன்னம் வைத்திருந்தேன், அவர்கள் வீட்டு விளக்கில் வெறும் கூம்பு. ஐந்து முகத்தையும் ஐந்து இதழ் மாதிரி விரித்துக் காட்டியிருந்தேன். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பின்பக்க முகங்கள் தண்டுக்குப் பின்னால் மறைந்திருந்தன.

நான் வரைந்தது கல்யாணப் பத்திரிகை மூலையில் அச்சடிக்கும் விளக்கை. சீட்டில் இருந்த சொல்லைப் படித்ததும் மனதுக்குள் ஒரு படம் வந்து உட்கார்ந்துவிட்டது, அதைத்தான் கை நகலெடுத்திருக்கிறது. டம்ளரில் நடந்ததும் அதேதான். அன்றிலிருந்து சீட்டைப் படித்ததும் ஐந்து நிமிடம் பென்சிலைத் தொடுவதில்லை. பொருளின் பெயர் மறந்துபோகும் வரை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பேன். கேட்க அசட்டுத்தனமாக இருக்கும், ஆனால் எனக்கு வேலை செய்கிறது.

தாளைப் பார்க்காமல் பொருளின் விளிம்பை மட்டும் கண்ணால் தடவிக்கொண்டே, பென்சிலை எடுக்காமல் வரையும் பயிற்சியையும் அப்போதுதான் தொடங்கினோம். நியூயார்க்கில் ஓவியம் கற்பித்த கிமோன் நிக்கோலாய்டிஸ் வழியாகப் பரவிய முறை. இரண்டு நிமிடம் போதும். வருகிற படம் கோணல்மாணலாகத்தான் இருக்கும். என் குடை, காற்றில் அடிபட்ட வௌவால் மாதிரி வந்தது. ஆனால் கம்பி முனையில் துணியைத் தைத்திருக்கும் அந்தச் சின்ன முடிச்சு அதில் இருந்தது. நிதானமாகப் பார்த்து வரைந்த குடையில் அதை விட்டிருந்தேன்.

ஆறாம் வாரம் அரிவாள்மனை. யாருக்கும் பிடிபடாத பொருள். பலகை நம்மை நோக்கி நீண்டு கிடக்கிறது, அலகு எழும்பி வளைந்து நிற்கிறது, உச்சியில் தேங்காய் துருவும் பல் வேறு. பழையது, தீட்டித் தீட்டி அலகின் நடுப்பகுதி குழிந்துபோயிருந்தது. நான் அந்தக் குழிவைக் கவனித்துப் போட்டதில் பெருமையாக இருந்தேன்.

டீச்சரக்காவின் மாமியார் டீத் தட்டோடு மேலே வந்தார். எண்பதை நெருங்கும் வயது, மாடிப்படி ஏறுவதை யாரும் தடுக்க முடிவதில்லை. ஐந்து நோட்டையும் குனிந்து பார்த்தார். என்னுடையதைக் காட்டி, "இது யாரு போட்டது? தம்பியா? இதுல காலை எங்க வைக்கிறது?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"பலகையை மிதிச்சுக்கிட்டு உக்காந்தாத்தானே நறுக்க முடியும்? இம்புட்டூண்டு பலகையில வெரல்தான் வைக்கலாம். பூசணிக்காயை வச்சு அழுத்தினா மனையோட கவுந்துருவீங்க."

இருபது நிமிடம் குழிவையும் துருவையும் பார்த்த நான் பலகையின் நீளத்தைப் பார்க்கவில்லை. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் கட்டைவிரலால் அலகின் உயரத்தைக் குறித்துக்கொண்டு பலகையில் வைத்துப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அலகின் உயரமும் பலகையின் நீளமும் ஏறக்குறைய ஒன்று. என் படத்தில் பலகை அதில் பாதிதான். முழங்கையை மடக்காமல் அளக்க வேண்டும், மடக்கினால் கணக்குத் தப்பிவிடும். இதை எல்லாப் பயிற்சிப் புத்தகமும் சொல்கிறது, நானும் படித்திருக்கிறேன், ஒருநாளும் செய்ததில்லை.

இன்னொன்றும் அன்றைக்குப் பிடிபட்டது. அலகுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு காலியிடம் இருக்கிறதே, அதற்கென்று ஒரு வடிவம் உண்டு. கிட்டத்தட்ட மாங்காய்க் கீற்று. அதற்குப் பெயர் எதுவும் இல்லாததால் மனதில் தயார்ப் படமும் இல்லை. இரண்டாம் தடவை அந்தக் கீற்றை முதலில் போட்டுவிட்டு அதைச் சுற்றி இரும்பையும் பலகையையும் வரைந்தேன். வளைவு தானாக அமைந்தது.

நடுவில் ஒரு விபத்து. கோட்டுப்படத்துக்கு மேல் லேசாக வாட்டர்கலர் பூசலாம் என்று பெண் சொன்னாள். தண்ணீர் பட்டாலும் கரையாது என்று மேலேயே எழுதியிருந்த பேனாவை நம்பி, பாடுபட்டு வரைந்த குக்கர் மேல் பிரஷை இழுத்தேன். கோடெல்லாம் கிளம்பி, குக்கர் சாம்பாரில் ஊறிய மாதிரி ஆகிவிட்டது. சாய மை தண்ணீரில் கரையும். நிறமித் துகள் கலந்த மை காய்ந்த பிறகு கரையாது, ஆனால் வழுவழுப்பான தாளில் காய நேரம் பிடிக்கும். என்னுடையது எந்த வகை என்று இன்றுவரை தெரியாது, பேனா மகனின் பென்சில் பெட்டிக்குப் போய்விட்டது. போதாக்குறைக்குத் தாள் 80 ஜிஎஸ்எம், ஜெராக்ஸ் தாள் கனம்தான். அப்பளம் மாதிரி சுருண்டது. இப்போது 200 ஜிஎஸ்எம் நோட்.

பென்சில் விஷயத்திலும் புத்தி வந்தது. எல்லாவற்றையும் ஹெச்பியிலேயே தேய்த்துக்கொண்டிருந்தேன். கிராஃபைட்டோடு களிமண்ணைக் கலந்து சுட்டுத்தான் பென்சில் முனை செய்கிறார்கள், 1795இல் பிரெஞ்சுக்காரர் கோன்டே காப்புரிமை பெற்ற முறை. களிமண் கூடினால் கெட்டி, கிராஃபைட் கூடினால் கருமை. ஹெச்பியை எவ்வளவு அழுத்தினாலும் ஓர் எல்லைக்கு மேல் கறுக்காது, தாள்தான் பள்ளமாகும். என் எவர்சில்வர் எல்லாம் அலுமினியமாகத் தெரிந்ததற்குக் காரணம் பாதி அதுதான். மீதிப் பாதி, எவர்சில்வர் என்றால் சாம்பல் நிறம் என்று முடிவு கட்டிக்கொண்டு முழுதும் பூசியது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அதில் சாம்பல் கொஞ்சம்தான். வானம் விழும் இடத்தில் தாளை அப்படியே வெள்ளையாக விட்டு, அதை ஒட்டினாற்போல, ஹெச்பியைவிடக் கருமையான 6பி பென்சிலில் ஒரு கரும்பட்டை இழுத்தால் பளபளப்பு வந்துவிடுகிறது.

ஒன்பதாம் வாரம் "பாட்டில்" வந்தபோது நான் முணுமுணுத்தேன், சலிப்பான சீட்டு என்று. மருந்துக்கடைத் தம்பி கடையிலிருந்து மூன்று காலி பாட்டில்கள் கொண்டுவந்திருந்தான். இத்தாலியில் பொலோன்யா நகரத்து ஓவியர் மொராண்டி (1890–1964) பாட்டில், கூஜா, கிண்ணம் இவற்றையே இடம் மாற்றி மாற்றி வைத்துப் பல பத்தாண்டுகள் வரைந்தாராம் என்று டீச்சரக்கா சொன்னார். அவருக்குப் பொறுமை இருந்தது, எனக்கு இருபது நிமிடம்தான் என்றேன். ஆனாலும் மூன்று பாட்டிலும் ஒன்றையொன்று உரசும் இடத்தில் இருந்த இருட்டை மட்டும் வரைந்தேன். நோட்டில் எனக்குப் பிடித்த பக்கங்களில் அது ஒன்று.

போஸ்ட்மாஸ்டர் சார் அவ்வப்போது பழைய வார இதழ்களிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொடர்கதைகளைக் கொண்டுவருவார். கதையை யாரும் படிப்பதில்லை, ஓவியர் கோபுலுவின் படங்களைத்தான் பார்ப்போம். கோட்டை எங்கே விட்டிருக்கிறார் என்று விரலால் தேடுவது ஒரு விளையாட்டு. நாற்காலிக் காலொன்று பாதியில் நின்றிருக்கும், நம் கண் அதை முடித்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு நானும் குடத்தின் ஒரு பக்கத்தைத் திறந்து விட்டேன். தம்பி பார்த்து, "அண்ணே, குடம் ஒழுகுது" என்றான். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

போன வாரம் சீட்டு எடுக்கும் முன்பே கொஞ்சம் சீக்கிரம் போய், அரிவாள்மனையை மறுபடி வரைந்து பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இப்ப உக்காரலாம்" என்றார். அப்புறம் துருவல் முனையில் விரலை வைத்து, "இதுல தேங்காய் துருவ முடியாது, பல்லே இல்லையே."

இந்த ஞாயிறுக்கான சீட்டை முன்கூட்டியே எடுத்துவிட்டோம், பெண்ணுக்குப் பரீட்சை என்பதால். "கொசுவலை". எடுத்தவளே தலையில் கை வைத்துக்கொண்டாள். மாற்றலாமா என்று டீச்சரக்காகூட ஒரு கணம் தயங்கினார். விதி விதிதான். அத்தனை கண்ணையும் போடுவதா, மடிப்புகளை மட்டும் போட்டுவிட்டு உள்ளே மங்கலாகத் தெரியும் தலையணையை வரைவதா என்று நேற்று ராத்திரி வலைக்குள் படுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கை அணைக்கச் சொல்லி வீட்டில் சத்தம்.